தெய்வானையக்கா வேண்டாம் என்று சொன்னார்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். யார் என்று சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். காப்பகத்து நாய்களைக் கொஞ்ச நாள் தங்கள் வீட்டில் வைத்துத் தேற்றித் தருகிறவர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதப் போகிறாராம். "சார், நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப மூணு கால் நாய வெச்சிருந்த ஒரு அக்காவப் பத்தி எழுதியிருக்கீங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். வீடு மாறிட்டாங்க தம்பி, எங்கன்னு தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீடு மாறியது உண்மை. தெரியாது என்றது பொய்.

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். "உக்காருங்க, டைல்ஸ் தேஞ்சுரும்" என்றாள் என் மனைவி. உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒரு நிருபர் இன்னொரு நிருபரிடம் பொய் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஏன் சொன்னேன் என்று அவருக்கு மட்டும் சொல்வதற்குப் பதில், நம் பத்திரிகைக்குப் புதிதாக வந்திருக்கிற நிருபர்கள் உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். நீங்கள் தேடிக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் அந்த அக்காவின் பெயர், தெரு, கேட்டின் நிறம் மூன்றையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. பத்தாவதோடு நின்றேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றபடியே நாலு பேர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுத வந்தவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் உடனே குறித்துக்கொள்வேன். ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வந்து சோர்ந்து நின்ற ஒரு கபடி வீரனைப் பார்த்து அவனுடைய கோச் சொன்னார்: "இவன் காலு இன்னும் கம்பெனியிலதானுங்க இருக்குது. ஒடம்பு மட்டும் வந்திருக்குது." அதைத் தலைப்பாகவே போட்டேன். அந்த வீரன் அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அது வேறு கதை.

எனக்குக் கொடுத்திருந்தது ஊர்ப் பக்கம். கும்பாபிஷேகம், ரத்த தானம், காணாமல் போன பசு, பள்ளி ஆண்டு விழா, வாலிபால், கபடி, நாய்க்குட்டிக்கு வீடு தேவை, எல்லாம் அதில்தான் வரும். பொறுப்பாசிரியர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு ஒரே சட்டம்தான். பெயர் வந்தால் ஊர் வர வேண்டும், ஊர் வந்தால் தெரு வர வேண்டும். "மொகவரி இல்லாத செய்தி மொட்டக் கடுதாசிவே" என்பார். அதில் நியாயம் இருந்தது. தன் தெருப் பெயரைப் பத்திரிகையில் பார்க்கிற மனிதர் பத்துப் பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுப்பார். எனக்கும் முகவரி எழுதுவது கைவந்த கலை. நான் எழுதினால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பெருமைதான் கதையைக் கெடுத்தது. முழுப் பழியையும் அதன் மேல் போடவும் முடியாது.

வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காக நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்பார்கள். வேண்டாங்க என்போம். அட, ஒரு வாய் குடிங்க என்பார்கள். இல்லீங்க, இப்பத்தான் குடிச்சேன் என்போம். அதற்குள் உள்ளே பால் கொதிக்கும். மூன்றாம் தடவை வேண்டாங்க என்று சொல்லும்போது கையில் டம்ளர் இருக்கும். முதல் கேள்வியிலேயே சரி என்பவன் நாகரிகம் தெரியாதவன். முதல் வேண்டாமிலேயே விட்டுவிடுகிற வீடு, கஞ்சத்தனமான வீடு. பொறுப்பாசிரியர் இங்கே வந்த புதிதில் வயிறு சரியில்லாமல் ஒரு வீட்டில் வேண்டாம் என்றிருக்கிறார். இரண்டு டம்ளர் குடிக்க வேண்டி வந்தது. "எங்க ஊருல வேண்டாம்னா வேண்டாம்தாம்வே. உங்க ஊருல அதுக்குத் தனியா அகராதி போடணும்" என்று அலுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காப்பகத்துக் கால்நடை டாக்டர் அழைத்தார். இளம்பெண், படபடவென்று பேசுவார். லாரியில் அடிபட்ட நாய் ஒன்றுக்குப் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். காப்பகத்தில் இடநெருக்கடி. தையல் பிரித்து நடக்கப் பழகும்வரை யாராவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு அக்கா முன்வந்திருக்கிறார், எழுதினால் இன்னும் நாலு பேர் முன்வருவார்கள் என்றார். மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெருமாநல்லூர்ப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே ஒரு லைன் வீடு. வரிசையாக ஐந்து வீடு, ஒரே குழாய், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பச்சைக் கேட். மூன்றாவது வீட்டில் தெய்வானையக்கா. வெள்ளகோவிலிலிருந்து வந்து பதினைந்து வருஷமாகக் கம்பெனியில் செக்கிங் வேலை. மகளை உடுமலைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கதவோரம் கோணியில் அந்த நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூன்று காலில் தடுமாறி எழுந்து குரைத்தது.

"என்ன பேருங்க இதுக்கு?"

"சூப்பர்வைசருங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தானுங்க. எங்க கம்பெனி கேட்டுலயே நாலு வருசமாக் கெடந்துச்சு. லேட்டா வர்றவங்களப் பாத்துக் குலைக்கும். வேல ஒண்ணும் செய்யாது. வேற என்ன பேரு வெக்கறதுங்க?"

தினமும் அதற்குச் சோறு வைத்தது இவர்தான். அடிபட்ட அன்றைக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் போனதும் இவர்தான். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். உங்க முழுப் பேரு சொல்லுங்க என்றேன்.

"என்ற பேரெல்லாம் வேண்டாங்க. நாய மட்டும் போடுங்க."

"நல்லது செய்யறவங்க பேரு ஊருக்குத் தெரியோணுமுங்க."

"இல்லீங்க, வேண்டாங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் நாயோடு நிற்கச் சொன்னேன். "கேட்டு தெரியுமுங்களே, வேண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகிய சிரிப்பு. காப்பி டம்ளருக்கு முன்னால் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு. இன்னும் ஒரு தடவை வற்புறுத்தினேன். "அப்புறம் உங்க இஷ்டமுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை செய்தி வந்தது. மூன்று கால் ஜீவனுக்கு ஒரு தாய்வீடு என்று தலைப்பு. பெயர், ஊர், தண்ணீர்த் தொட்டி, பச்சைக் கேட், மூன்றாவது வீடு, ஒன்றும் விடவில்லை. நிறையப் பேர் பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை காலையில் தெய்வானையக்கா அழைத்தார். "ஏனுங்க, பேப்பரப் பாத்துட்டு ஆரோ ரெண்டு குட்டிய வாசல்ல உட்டுட்டுப் போயிருக்கறாங்க." நான் சந்தோஷப்பட்டேன். இதை மறைத்தால் இந்தக் கட்டுரையே வீண். நம் எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்தேன். "நல்ல மனசு இருக்கற எடத்துக்குத்தானுங்க வரும்" என்று அவரிடம் சொல்லவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பச்சைக் கேட்டில் ஒரு மூட்டை தொங்கியது. துணி வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைக் கம்பெனிகளில் கட்டிப் போடுவார்களே, அந்தக் கட்டிங் வேஸ்ட் மூட்டை. உள்ளே கலர் கலரான துணித் துண்டுகளுக்கு நடுவில் நாலு குட்டிகள். கீழே கயிற்றில் கட்டிய வயசான நாய் ஒன்று. அதன் கழுத்தில் ஒரு அட்டை: பேரு டைகர், தயிர்ச் சோறு பிடிக்கும். சனிக்கிழமை காலையில் அட்டைப் பெட்டியில் இன்னும் இரண்டு. ஆக எட்டுக் குட்டி, டைகர், சூப்பர்வைசர்.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது குட்டிகள் போட்ட சத்தத்தில் தெருவே விழித்திருந்தது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பீகார்த் தம்பிகள் இருவர், "தீதி, நீந்த் நஹீ", அக்கா, தூக்கமே இல்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். தெய்வானையக்கா இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. "நெசச் சூப்பர்வைசரு அங்க போன்ல குலைச்சுக்கிட்டிருக்கறாருங்க" என்றார். அப்போதும் வேடிக்கையாகத்தான் பேசினார்.

அந்த நேரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மிகவும் மரியாதையான மனிதர்.

"ரிப்போர்ட்டருங்களா, வாங்க. உங்க பேப்பருதான் நாங்களும் வாங்கறமுங்க. நல்லா எழுதியிருந்தீங்க. அந்தம்மாவும் தங்கமானவங்க, பதினஞ்சு வருசத்துல ஒரு வார்த்த சத்தமாப் பேசினதில்லீங்க. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள கேட்டு சுத்தமா இருக்கோணும்னு சொல்லிருங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிக்கச் சொல்லிருங்க."

தெய்வானையக்கா ஒரு முழத் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"நீங்களே சொல்லலாமுங்களே" என்றேன்.

"எனக்குச் சங்கடமா இருக்குதுங்க."

"சூப்பர்வைசர் மட்டும் இருக்கலாமுங்களா? அது தையல் கூடப் பிரிக்கலீங்க."

"ஒண்ணு இருக்குதுன்னாத்தானுங்க ஒம்பது வருது" என்றார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். காப்பகத்தில் குட்டிகளுக்குப் பார்வோ நோய் பரவியிருந்தது. "ஊசி போடாத குட்டிய இங்க கொண்டாந்தீங்கன்னா மூணு நாள்ல ஒண்ணு கூட மிஞ்சாதுங்க சார். சூப்பர்வைசரையும் இப்பத் திருப்பி வாங்க முடியாது, புண்ணு ஆறல" என்றார்.

அந்தப் போனை வைத்தேன், பொறுப்பாசிரியர் லைனில் வந்தார்.

"என்னவே, பத்து நாயாமே. நாளைக்கு ஞாயித்துக்கெழம, அரப் பக்கம் தாரேன். அந்தம்மாவ நடுவுல நிக்க வச்சு, சுத்திக் குட்டியளப் போட்டுப் படம் எடும். மூணு மணிக்குள்ள வந்துரணும்."

அரைப் பக்கம். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அரைப் பக்கம் கொடுத்ததில்லை. உள்ளுக்குள் ஒன்று துள்ளியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெய்வானையக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொருக்காப் போடப் போறீங்களா?"

"இல்லீங்க, இங்க ஆரும் நாயக் கொண்டாந்து உட வேண்டாம்னு போட்டர்றனுங்க. எல்லாம் சரியாயிருமுங்க."

அவர் ஒரு குட்டியின் வாயிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

முக்கில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். செய்த தப்பை நாமே திருத்துகிறோம் என்று ஒரு வேகம். பெருமாநல்லூர், தண்ணீர்த் தொட்டி எதிரில், பச்சைக் கேட் வீட்டில் வசிக்கும் இன்னார், தம் வீட்டில் இனி யாரும் நாய்களை விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். இவ்வளவுதான் எழுதியிருப்பேன். டீயைக் கொண்டு வந்து வைத்த கடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பச்சக் கேட்டுங்களா அது? இத்தன நாளாத் தெரியலீங்களே. எங்க சந்துல மூணு குட்டி கெடக்குதுங்க, சொல்லி உட்டர்றன்."

"வேண்டாம்னுதானுங்க எழுதியிருக்கறேன்."

"அப்படித்தானுங்க சொல்லுவாங்க. எரக்கமான மனசுங்களே, கொண்டு போயி உட்டா வேண்டாம்னா சொல்லிருவாங்க?"

டீயைக் குடிக்கவில்லை. காகிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டேன். உங்களுக்கு நான் சொல்லித் தர ஏதாவது இருக்கிறது என்றால், அது அந்த டீக்கடை பெஞ்சில் எனக்குத் தெரிந்ததுதான். நாம் விட்ட தப்பை நம் எழுத்தாலேயே திருத்திவிடலாம் என்று தோன்றும்போது கொஞ்சம் நிற்க வேண்டும். சில மறுப்புகள் இரண்டாவது விளம்பரம். அந்த வீட்டைப் பற்றி இனி ஒரு வரி வந்தாலும் அது வழி சொல்லும் பலகைதான். நான் செய்யக்கூடிய ஒரே உதவி, எழுதாமல் இருப்பது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு அரிக்கும் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டேன். "சார், செய்தி இல்லீங்க."

"பத்து நாய் நிக்கி, செய்தி இல்லங்கீரு."

"அவங்க வேண்டாங்கறாங்க சார்."

அவர் கேட்டார்: "அது உங்க ஊரு வேண்டாமா, எங்க ஊரு வேண்டாமா?"

"உங்க ஊரு வேண்டாமுங்க சார். முன்னாலயும் அதத்தான் சொல்லியிருக்கறாங்க. எனக்குத்தான் கேக்கல."

"அரப் பக்கம் ஓட்டையா நிக்கி. அதுல என்னத்தப் போட?"

"கபடி இருக்குதுங்க. நாளைக்குப் பைனல்."

"போன வாரமும் கபடிதானவே போட்டம்" என்று முனகினார். ஆனால் போட்டார்.

கபடி என்று வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. மொபெட்டை முறுக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஜாபர் பாய் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். மைக் செட்டும் அவருடையது, வர்ணனையும் அவருடையது. சுற்று வட்டாரத்தில் கபடி என்றால் அவர் குரல்தான். குட்டிகளுக்கு வீடு கேட்டு மைக்கில் அறிவிக்க வேண்டும் என்று கீழே நின்று கத்திச் சொன்னேன்.

"நாய்க்கா மைக்கு?" என்றார் மேலேயிருந்து. "கமிட்டிக்காரங்க என்னையக் கட்டி வெச்சிருவாங்க."

"ஆட்டத்துக்கு நடுவுல அஞ்சு அஞ்சு நிமிசம் போதும் பாய். ஒண்ணே ஒண்ணு. எங்கிருந்து வந்ததுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"ஊரு பேரில்லாம எப்படிங்க அறிவிக்கறது?" ஒரு முடிச்சுப் போட்டு முடிக்கிற நேரம் யோசித்தார். "செரி, வெளியூர் அணின்னு சொல்லிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் ஐஸ் பெட்டியில் ஊசி மருந்தோடு வந்து புங்க மரத்தடியில் மேஜை போட்டார். எட்டுக் குட்டிகளையும் டைகரையும் ஆட்டோவில் கொண்டு வந்து சேர்த்தோம். தெய்வானையக்கா வரவில்லை, சூப்பர்வைசரோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அவர் அங்கே வந்து நின்றால் அவர் முகமே முகவரி ஆகிவிடும் என்று எனக்கும் அப்போது புரிந்திருந்தது.

முதல் ஆட்டம் முடிந்ததும் ஜாபர் பாய் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அடுத்ததாகக் களம் காண இருப்பது வெளியூர் அணி. மொத்தம் எட்டுப் பேர். புங்க மரத்தடியில் வார்ம் அப் செய்துகொண்டிருக்கிறார்கள். கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் புள்ளி, அந்த வீரரைக் கவனியுங்கள். ரெய்டு போனால் செருப்பு இல்லாமல் திரும்புவதில்லை."

கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் நடந்து வந்தார்கள். டாக்டர் சும்மா கொடுத்துவிடவில்லை. பகலில் யார் பார்த்துக்கொள்வீர்கள், அடுத்த ஊசிக்கு எந்தத் தேதி வருவீர்கள் என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். இரண்டு பேரை வேண்டாம் என்று திருப்பியும் அனுப்பினார். நான் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். உடுமலையிலிருந்து வந்த அணிக்காரர்கள் தென்னந்தோப்புக்கு என்று இரண்டு வாங்கினார்கள். எந்தத் தோப்பு, மெயின் ரோட்டிலிருந்து எத்தனையாவது காற்றாலை, எந்தப் பக்கம் கேட் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த வித்தை அதுதானே. ஆனால் அன்றைக்கு எழுதிய முகவரிகள் எதுவும் பத்திரிகைக்குப் போகவில்லை. தாளைக் கிழித்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

பைனல் தொடங்குவதற்குள் ஆறு குட்டிகள் போய்விட்டன. மீதி இரண்டைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். டைகரை யாரும் கேட்கவில்லை. வயசான நாயை யார் கேட்பார்கள். ஜாபர் பாய் அதை அணியின் கோச் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நான் மனைவிக்குப் போன் செய்து, தயிர் இருக்குதா என்று கேட்டேன். "எதுக்குன்னு கேக்க மாட்டேன், கூட்டிட்டு வாங்க" என்றாள். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்று கூடப் பார்க்காமல் பச்சைக் கேட்டுக்கு விரட்டினேன். சாயந்தரம் ஆகவில்லை, வெயில் இருந்தது. கேட் சுத்தமாக இருக்கும், அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஒரே பரபரப்பு.

வீட்டுச் சொந்தக்காரர் கேட்டருகே கையைக் கட்டி நின்றார். அவர் காலடியில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே மூன்று குட்டிகள், இன்னும் கண் திறக்காதவை. அடியில் ஈரத்துக்காகப் பத்திரிகை விரித்திருந்தது. நம் பத்திரிகைதான். எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

"நானும் அதத்தான் பாத்துட்டு நிக்கறனுங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வேற ஊடு பாக்க ஒண்ணாந் தேதி வரைக்கும் டைம் எடுத்துக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

தெய்வானையக்கா என்னைப் பார்த்து, "சரிங்கன்னு சொல்லிருங்க" என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். தெய்வானையக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க கெட்டது நெனச்சு எழுதலீங்க. நாய்க்கு ஊடு இல்லீன்னு மட்டும் எழுதியிருந்தீங்கன்னா, படிச்சவங்களுக்கு அவுங்கவுங்க ஊட்டு ஞாபகம் வந்திருக்கும். இங்கொரு ஊடு இருக்குதுன்னு எழுதிட்டீங்க. எல்லாரும் எரக்கத்தக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

எவ்வளவோ பேச்சைக் குறித்திருக்கிறேன். அன்றைக்கு நோட்டை வெளியே எடுக்கக் கை வரவில்லை.

அந்த மூன்று குட்டிகளையும் டாக்டர் பால் புகட்டிப் பார்த்தார். ஒன்றுதான் பிழைத்தது. தெய்வானையக்காவுக்கு வீடு தேட மூன்று வாரம் நானும் அலைந்தேன். ஆள் ஒருத்தர்தானுங்களா என்று கேட்டுத் தலையாட்டுகிறவர்கள், நாய் என்றதும் சுவரைப் பார்ப்பார்கள். கால் மூணுதானுங்க என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். மாதக் கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. சரக்கு ஆட்டோவில் கட்டிலும் பீரோவும் ஏற்றினோம். டிரைவர் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். சூப்பர்வைசர் அவரை விடாமல் குரைத்தது.

புது வீட்டில் பீரோவை இறக்கி முடித்தபோது எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. தெய்வானையக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்தபடி, "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க" என்றேன், வழக்கம்போல.

"சரிங்க" என்று ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். ஊர்க் கதை பேசினோம். மகள் வீட்டுச் சமாசாரம் பேசினோம். என் கண் அடிக்கடி ஸ்டவ் பக்கம் போனதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க" என்றார். வாய் சிரிக்கவில்லை, கண் சிரித்தது. காப்பி இல்லாமல்தான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் பணியில் இருந்த வரை, வீட்டு மனிதர்களிடம் செய்தி எடுக்கும்போது வாய்விட்டே கேட்டுவிடுவேன்: "இது காப்பி வேண்டாமுங்களா, நெச வேண்டாமுங்களா?" சிரிப்பார்கள். ஆனால் சரியான பதிலைச் சொல்வார்கள். பொறுப்பாசிரியரும் தன் சட்டத்தைத் தளர்த்தினார். நாய், பூனை, குழந்தை, தனியாக இருக்கும் பெண் என்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதவில்லை, அதனால் உங்கள் காதுக்கு வந்திருக்காது.

இனி, போன் செய்த தம்பிக்கு. உங்கள் தொடர் நல்ல தொடர். எழுதுங்கள். வீடில்லாத நாய்களை எழுதுங்கள், எத்தனை வீடு தேவை என்று எழுதுங்கள். நேற்று உங்களுக்காகத் தெய்வானையக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் சூப்பர்வைசர் குரைக்கிற சத்தம் கேட்டது. பேப்பரிலிருந்து கேட்கிறார்கள், முகவரி கொடுக்கட்டுங்களா என்றேன்.

"வேண்டாங்க" என்றார்.

ஒரு தடவைதான் சொன்னார். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.